பவானியின் வலப்பக்கம்

இருங்காட்டுக்கோட்டையில் 1998ல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. அப்போது ஒரகடம் பக்கம் ஏரியும் வயலும் தைல மரத் தோப்பும்தான். நான் வாலாஜாபாத்தில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். 2010ல் ரெனோ-நிஸான் வந்தது, 2012ல் பாரத்பென்ஸ் லாரி, 2013ல் ராயல் என்ஃபீல்டு. இவற்றுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் ஆலைகள் பின்னாலேயே வந்தன. அப்படிப்பட்ட ஓர் ஆலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஷிஃப்டுக்கு இத்தனை, மணிக்கு இத்தனை, கழிவு இத்தனைக்குள் என்று எழுதிய பலகைக்குக் கீழேதான் என் நாள் கழிகிறது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் காலை ஐந்தரைக்கு ஓடும் கம்பெனி பஸ்களில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் இப்படி ஒரு பலகை உண்டு.

ஷிஃப்ட் ஒத்துவரும் காலைகளில் நான் குதிரை ஏறுகிறேன். பிரதான சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஏரிக்கரையை ஒட்டி ஒரு சிறிய பண்ணை. நாலைந்து குதிரைகள், மணல் பரப்பிய ஒரு திடல், தகரக் கூரை போட்ட லாயம். சொல்லிக்கொடுப்பவர் போலீஸ் குதிரைப்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் ‘மாஸ்டர்’. ஆலையில் என்னோடு வேலை பார்ப்பவர்களுக்கு இது தெரியும். அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “எப்போ ரேஸ்ல ஓடப் போறீங்க?”

அந்தக் கேள்வியில் தப்பில்லை. குதிரை என்றதும் நம் மனசுக்கு வருவது அப்படித்தான். செஞ்சியில் 1714ல் போரில் செத்துப்போன தேசிங்கு ராஜன் கதையில், யாருக்கும் அடங்காத குதிரையை ஒரு சிறுவன் ஒரே பாய்ச்சலில் ஏறி அடக்குகிறான். 1960ல் எம்.ஜி.ஆர். நடித்து அது சினிமாவாகவும் வந்தது. பெருமாள் கோயில் பிரம்மோற்சவத்தில் குதிரை வாகனம் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டுதான் புறப்படும். ஊர் எல்லையில் அய்யனாரின் மண்குதிரையும் புடைத்த மார்போடு நிற்கும். நாம் பார்த்து வளர்ந்த குதிரைகளில் எதுவும் சும்மா நடப்பதில்லை. அதனால் புதிதாக வருகிறவர்கள் மூன்றாம் நாளே “எப்போ கேலப்?” என்கிறார்கள்.

மாஸ்டர் அதற்குப் பதில் சொல்ல மாட்டார். ஒரு தாளைக் கொடுத்து, ஆறு மாசத்தில் என்ன வேண்டும் என்று எழுதச் சொல்வார். மழைக்காலம் முடிந்து வந்து சேர்ந்த ஒரு தம்பி, படப்பையில் கணக்காளர் வேலை, மூன்று வரி எழுதினான். குதிரை தலையை ஆட்டாமல் நடக்க வேண்டும். சொன்னவுடன் டிராட் எடுக்க வேண்டும். மேலே உட்கார்ந்திருக்கும்போது மிரளக் கூடாது.

மாஸ்டர் பேனாவை எடுத்து மூன்றையும் அடித்தார். “இது குதிரைக்கு எழுதின லிஸ்ட்டுப்பா. அது படிக்காது. உனக்கு எழுது.” பிறகு அவரே பக்கத்தில் எழுதினார். தலையை ஆட்டாமல் என்ற இடத்தில், ‘என் கை முழங்கையிலிருந்து குதிரையின் வாயோடு சேர்ந்து போக வேண்டும்.’ டிராட் வரிக்கு எதிரே, ‘ஒரு முறை மட்டும் காலால் சொல்வேன், கேட்டவுடன் காலைத் தளர்த்துவேன்.’ மிரளக் கூடாது என்பதற்குப் பதிலாக, ‘மிரண்டால் நான் மூச்சை வெளியே விடுவேன், லகானை இழுத்துப் பிடிக்க மாட்டேன்.’

குதிரையேற்றத்தில் இலக்கு வைப்பது பற்றி நான் சொல்ல வந்ததன் பெரும்பகுதி அந்தத் தாளில் இருக்கிறது. இலக்கை ஏறுகிறவரின் உடம்புக்கு எழுத வேண்டும். குதிரை செய்ய வேண்டியதை எழுதி வைத்தால் அன்றன்றைக்கு அதனோடு சண்டைதான் நடக்கும். நானூற்றைம்பது கிலோ எடையுள்ள பிராணியோடு சண்டை போட்டு யாரும் ஜெயித்ததில்லை. ஜெயித்ததாகத் தோன்றும் இடங்களில் அந்தக் குதிரை பயந்து போயிருக்கும், அவ்வளவே.

இது நல்லெண்ணத்தால் சொல்கிற பேச்சு இல்லை. குதிரை கற்றுக்கொள்ளும் முறையே இதுதான். விலாவில் காலால் லேசாக அழுத்துகிறோம், குதிரை ஓரடி முன்னே வைக்கிறது, அந்த நொடியில் அழுத்தம் போக வேண்டும். அழுத்தம் போனதுதான் அதற்குக் கிடைக்கும் ‘சரி’. நாம் ஒரு நொடி தாமதித்தால், ஓரடி வைத்ததற்குப் பலனில்லை என்று அது கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் பலமாக அழுத்த வேண்டியிருக்கும், அதற்கடுத்த முறை குதிகாலால் இடிக்க வேண்டியிருக்கும். பல பண்ணைகளில் ‘மந்தமான குதிரை’ என்று பேர் வாங்கியவை இப்படி உருவானவை. லகானிலும் இதே கணக்கு. அந்தத் தோல் வாரின் மறுமுனையில் இருப்பது முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே உள்ள வெற்று ஈறு, அதன்மேல் கிடக்கும் இரும்பு. நிற்கச் சொல்லிப் பிடித்த விரல்களை, அது நின்ற பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தால் தலையை ஆட்டாமல் அது என்ன செய்யும்?

தட்டிக்கொடுப்பதைவிட, கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் விரலால் சொறிந்துவிடுவது குதிரைக்கு அதிகம் பிடிக்கும். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடமும் அதுதான். அங்கே சொறிந்தால் குதிரையின் இதயத் துடிப்பு குறைகிறது என்று 1993ல் பிரான்சில் அளந்தே பார்த்துவிட்டார்கள். நான் ஏறி இறங்கும்போதெல்லாம் இதைச் செய்கிறேன். என் தாளில் இதுவும் ஒரு வரியாக இருக்கிறது.

பவானியைப் பற்றிச் சொல்ல வேண்டும். செம்பழுப்பு நிறம், நெற்றியில் சின்னதாக ஒரு வெள்ளை, இடது பின்காலில் வெள்ளைக் காலுறை. கிண்டி பந்தய மைதானத்தில் ஓடி ஓய்வு பெற்ற தரோபிரெட் இனக் குதிரை. 1777ல் தொடங்கியது என்று சொல்லப்படும் அந்த மைதானத்தை, 160 ஏக்கர் நிலத்தை, 2024 செப்டம்பரில் அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. ஆனால் பந்தயத்திலிருந்து விலகும் குதிரைகள் சவாரிப் பண்ணைகளுக்கு வருவது அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பிருந்தே நடப்பது. பந்தயக் குதிரையின் ஆயுள் இருபத்தைந்து வருஷம்வரை போகலாம். ஓடுவது அதில் சில வருஷம்தான். மிச்சம் முழுக்க அதற்கு வேறொரு வேலை, வேறொரு பாஷை தெரிந்திருக்க வேண்டும்.

ஜாக்கிகள் அங்கவடியை வெகுவாகச் சுருக்கிக்கொண்டு முதுகுக்கு மேலே குந்தியிருப்பார்கள். அவர்களின் கால் விலாவைத் தொடுவதில்லை. அதனால் எங்கள் பண்ணைக்கு வரும் பந்தயக் குதிரைக்குக் கால் சொல்லும் சைகை புரியாது, திடுக்கிடும். லகான் இறுகினால் நிற்க வேண்டும் என்பதும் அதற்குத் தெரியாது. பந்தயத்தில் லகானில் சாய்ந்துகொண்டு வேகமெடுக்கத்தான் பழகியிருக்கும். இதையெல்லாம் முதலிலிருந்து, நடையிலிருந்து, சொல்லித்தர வேண்டும். பவானிக்கு மாஸ்டர் சொல்லித்தந்தார். மாஸ்டரின் பாடம் முடிந்த பிறகுதான் அவள் என்னிடம் வந்தாள்.

அவளுக்கு இடப்பக்கம் வட்டம் போடுவது சுலபம். வலப்பக்கம் திரும்பினால் கழுத்து மரக்கட்டையாகிவிடும், தோள் உள்ளே சரியும், இருபது மீட்டர் வட்டம் முட்டை வடிவமாகிவிடும். மனிதருக்கு வலது கை, இடது கை பழக்கம் இருப்பதுபோல எல்லாக் குதிரைக்கும் ஒரு பக்கம் சுலபம், ஒரு பக்கம் கடினம். இரு பக்கமும் சமமாக்குவதுதான் பயிற்சியின் பாதி. ஜெர்மானியர்கள் குதிரைப் பயிற்சிக்கு ஆறு படி வகுத்து வைத்திருக்கிறார்கள். தாளம், தளர்ச்சி, வாயோடு மென்மையான தொடர்பு, பின்காலின் உந்துதல், நேர்மை, கடைசியாக உடலைச் சேர்த்துக்கட்டி நிற்கும் நிலை. நேர்மை என்றால் முன்கால் போன தடத்தில் பின்கால் போவது. அது ஐந்தாவது படி. வெளியிலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு எதுவும் நடக்காததுபோலத் தெரியும்.

முதல் படியான தாளத்தை யார் வேண்டுமானாலும் காதாலேயே கண்டுபிடிக்கலாம். வாக்கில் நாலு குளம்பும் தனித்தனியாக விழும், நாலு சத்தம். டிராட்டில் குறுக்குக் கால்கள் ஜோடி ஜோடியாக விழும், இரண்டு சத்தம். கேன்டரில் மூன்று, அப்புறம் நாலு காலும் அந்தரத்தில் இருக்கும் ஒரு நொடி மௌனம். டிராட்டில் ஏறுகிறவர் ஒரு சத்தத்துக்கு எழுந்து, அடுத்ததற்கு உட்கார வேண்டும். வட்டத்தில் போகும்போது வெளிப்பக்கத் தோள் முன்னே போகையில் எழ வேண்டும், அப்போதுதான் உள்பின்கால் தரையில் ஊன்றியிருக்கும் நேரத்தில் நம் பாரம் சேணத்தில் இறங்கும். முதலில் கண்ணால் தோளைப் பார்த்துத்தான் செய்ய முடியும். பிறகு ஒரு நாள் பார்க்காமலே இடுப்புக்குத் தெரிந்துவிடுகிறது. எனக்கு அது தெரிந்த நாளில் பவானியின் முதுகு எனக்குக் கீழே மெல்ல உயர்ந்து அகன்றதை உணர்ந்தேன். வலப்பக்கம் போகும்போது எழும் நேரத்தைச் சரியாகப் பிடித்தால் அவள் தோள் சரிவதும் குறைகிறது. அவளுடைய வலப்பக்கத்தின் சாவியில் பாதி என் இடுப்பில் இருக்கிறது என்பது இப்படித்தான் பிடிபட்டது.

ஆலையில் நான் கற்ற இலக்குப் பாடம் வேறு. எண்ணை வை, எட்டாத உயரத்துக்குக் கொஞ்சம் கீழே வை, தினமும் அள. இதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. அமெரிக்க உளவியலாளர் எட்வின் லாக் 1968லேயே, ‘முடிந்ததைச் செய்’ என்று சொல்வதைவிடக் குறிப்பான, கடினமான இலக்கு கொடுத்தால் மனிதர்கள் அதிகம் செய்கிறார்கள் என்று எழுதினார். தெரிந்த வேலைக்கு அது பொருந்தும். புதிதாகக் கற்கிற சிக்கலான வேலைக்கு அது எதிராகவே திரும்பலாம். 1989ல் கேன்ஃபர், ஆக்கர்மன் என்ற இருவர் அமெரிக்க விமானப் படையில் பயிற்சிக்கு வந்தவர்களுக்கு, விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் வேலையைக் கணினியில் கொடுத்துப் பார்த்தார்கள். கற்கும் ஆரம்பக் கட்டத்திலேயே எண் இலக்கு கொடுத்தால் கவனம் வேலையை விட்டு எண்ணுக்குப் போய்விடுகிறது, கற்பது குறைகிறது என்று கண்டார்கள். வேலை கைவந்த பிறகு கொடுத்த இலக்கு உதவியது.

குதிரைமேல் நான் கண்ணாரக் காண்பது இது. கணக்காளர் தம்பி முதல் வாரத்தில் ‘பத்து நிமிஷம் நிற்காமல் டிராட்’ என்று ஓர் எண்ணை மனசில் வைத்திருந்தான். பத்தாவது நிமிஷம் வரும்போது உடம்பு இறுகி, கை உயர்ந்து, மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பான். எண் நிறைவேறிவிடும். குதிரை அந்தப் பத்து நிமிஷத்தில் கற்றதெல்லாம் முதுகைக் குழித்துக்கொண்டு ஓடுவதைத்தான். மாஸ்டர் எண்ணை எடுத்துவிட்டு, லஞ்ச் என்ற நீண்ட கயிற்றில் குதிரையைத் தான் பிடித்துக்கொண்டு, அங்கவடியும் லகானும் இல்லாமல் அவனை உட்கார வைத்தார். கையை விரி, கண்ணை மூடு, எந்தக் கால் விழுகிறது என்று சொல். அவ்வளவுதான் வேலை. குதிரையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, அது மாஸ்டர் பொறுப்பு. தம்பியின் கை கீழே இறங்கியது அங்கேதான்.

அதற்காக எண்ணே வேண்டாம் என்று சொல்லவில்லை. நடைகளைச் செய்துகாட்டும் டிரெஸ்ஸாஜ் போட்டியில் ஒவ்வொரு அசைவுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்துவரை மதிப்பெண் உண்டு. ஐந்துக்குக் கீழே போனால் குறை, பத்து கிடைப்பது அபூர்வம். மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் நடுவர் ஒரு வரி எழுதுவார்: ‘வட்டம் சிறியது’, ‘தாளம் தப்பியது’. போட்டிக்குப் போகாதவர்களுக்கும் அந்தத் தாள் ஒரு பெரிய உதவி. எங்கள் பண்ணையில் இரண்டு பேர் ஏறும்போது மூன்றாமவர் நடுவராக உட்கார்ந்து எழுதுவோம். நான் மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த ஒரு வரியைப் படிக்கிறேன். அடுத்த காலையின் வேலை அதில்தான் இருக்கிறது.

நாள்காட்டி இந்த ஊர்க் குதிரைக்காரர்களுக்குத் தனி. ஐரோப்பியப் புத்தகங்களில் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலம்வரை பயிற்சி என்று இருக்கும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் மார்கழி தொடங்கி மாசி முடியும்வரைதான் குதிரைக்கு நல்ல காலம். நிதானமாக, நீண்ட நேரம் வேலை செய்ய முடிவது அப்போதுதான். பங்குனியில் வெயில் ஏறத் தொடங்கினால் ஏழு மணிக்கு முன் இறங்கிவிட வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் நான் ஏறுவதே இல்லை. தரையில் நின்று செய்யும் வேலை, குளிப்பாட்டல், நிழலில் கைநடை, அவ்வளவுதான்.

இதற்குக் காரணம் வெறும் சூடு இல்லை, சூட்டோடு சேர்ந்த ஈரம். குதிரை மனிதரைப்போலவே வியர்வையால்தான் உடம்பைக் குளிர்விக்கிறது. சென்னை மாதிரிப் புழுக்கமான ஊர்களில் சில குதிரைகளுக்கு மெல்ல மெல்ல வியர்வையே நின்றுபோகும். குதிரைக்காரர்கள் அதை ‘டிரை கோட்’ என்பார்கள். வெள்ளைக்காரர்கள் குளிர் நாட்டுக் குதிரைகளை இங்கே கொண்டுவந்த காலத்திலேயே இந்த நோயைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்து எல்லாக் குதிரைக்கும் கழுத்தில் நுரை தட்டியிருக்கும்போது ஒன்றுக்கு மட்டும் தோல் காய்ந்து, மூக்குத் துவாரம் விரிந்து, மூச்சு இரைத்துக்கொண்டே இருந்தால் உடனே நிழல், தண்ணீர், மருத்துவர். ஓய்வில் இருக்கும் குதிரையின் உடல் சூடு 37.5லிருந்து 38.5 டிகிரி செல்சியஸ்வரை, இதயத் துடிப்பு நிமிஷத்துக்கு முப்பதிலிருந்து நாற்பது சொச்சம். வேலைக்குப் பிறகு எவ்வளவு நேரத்தில் அந்த நிலைக்குத் திரும்புகிறது என்பதை எழுதி வைப்பது, எந்த வட்டத்தையும் தாண்டுதலையும்விடப் பெரிய இலக்கு என்று நான் நினைக்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகையில் திடல் குளமாகிவிடும். அப்போது வேலை முழுக்கக் குளம்பில். குதிரையின் வாலைப் பார்த்து நின்றுகொண்டு, தோளிலிருந்து கையை வழித்துக்கொண்டே போய், கணுக்காலுக்கு மேலே தசைநாணை லேசாகப் பிடித்தால் காலைத் தூக்கித் தரும். குளம்புக் கொக்கியால் குதிகால் பக்கமிருந்து நுனி நோக்கிச் சேற்றையும் கல்லையும் எடுக்க வேண்டும். நடுவில் முக்கோணமாக, ரப்பர் மாதிரி இருக்கும் மெத்தையைக் குத்தக் கூடாது. அது ஒவ்வொரு அடிக்கும் அமுங்கி எழும் உயிருள்ள பகுதி. அதன் இரு பக்கப் பள்ளத்தில்தான் மழைக்காலத்தில் அழுகல் தொடங்கும். கண்ணுக்குத் தெரியுமுன் மூக்குக்குத் தெரியும், கறுப்பாக ஒழுகும் ஒரு கெட்ட நாற்றம். பண்ணையில் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் காலைத் தூக்கும்போதே முகர்ந்து பார்த்துவிட்டு, “மேடம், இது காஞ்ச இடத்துல நிக்கணும், இன்னிக்கு ஏறாதீங்க” என்பார். அவர் சொன்னால் மாஸ்டரும் மறுபேச்சுப் பேச மாட்டார்.

குளம்பு மாசத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும், ஆகவே ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடம் கழற்றி, சீவி, மறுபடி அடிக்க வேண்டும். இந்த வேலை தெரிந்த கைகள் இல்லாமல் நம் நாட்டில் எத்தனை குதிரைகள் மடிந்திருக்கின்றன என்பதற்கு மார்கோ போலோவே சாட்சி. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த அவர், இங்குள்ள அரசர்கள் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் அரபுக் குதிரைகளைக் கடல்வழி வாங்குகிறார்கள், வருஷ முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதுகிறார். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை, மருத்துவர்கள் இல்லை, தீனியும் சரியில்லை என்கிறார். அவர் சொன்ன எண்ணைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் காரணம் இன்றைக்கும் நெஞ்சில் அறைகிறது. குதிரை வாங்கப் பணம் இருந்தது. குதிரையைத் தெரிந்த கை இல்லை.

பெரிய இலக்கு வைத்தவர்களும் இதே வழியில்தான் நடந்தார்கள் என்பதற்கு ஃபௌவாத் மிர்ஸாவைச் சொல்வேன். பெங்களூர்க்காரர், அப்பா குதிரை மருத்துவர். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் செனியர் மெடிகாட் என்ற குதிரையில் ஈவென்ட்டிங் என்ற மூன்று கட்டப் போட்டியில் தனிநபர் வெள்ளி வாங்கினார். 1982ல் டெல்லியில் ரகுபீர் சிங் ஷாஜாதா என்ற குதிரையில் தங்கம் வாங்கியதற்குப் பிறகு, குதிரையேற்றத் தனிநபர் பதக்கம் இந்தியாவுக்கு வந்தது அப்போதுதான். அடுத்த இலக்கு ஒலிம்பிக். ஆனால் மெடிகாட் காயம்பட்டுப் போட்டிகளிலிருந்து விலகியிருந்தது. ஃபௌவாத் ஃபெர்ன்ஹில் ஃபேஸ்டைம், டச்சிங்வுட் என்ற வேறு இரண்டு குதிரைகளில் போட்டியிட்டு டோக்கியோவுக்கான புள்ளிகளைச் சேர்த்தார். போவதற்கு முதலில் தேர்ந்தெடுத்தது தஜாரா என்ற மூன்றாவது குதிரையை. கடைசியில் குணமாகித் திரும்பிய மெடிகாட்டோடுதான் 2021ல் டோக்கியோ திடலில் நுழைந்தார்.

ஒலிம்பிக் என்ற ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, அதற்குப் போகும் வழியை எத்தனை முறை மாற்றியிருக்கிறார் பாருங்கள். காயம்பட்ட குதிரையை அவசரப்படுத்தவில்லை. அது குணமாகும்வரை தன் வேலையை மற்றக் குதிரைகளில் செய்தார். டோக்கியோவில் முதல் நாள் டிரெஸ்ஸாஜில் 28.00 அபராதப் புள்ளி மட்டுமே, அது நல்ல மதிப்பெண், அடுத்து நாட்டுப்புற ஓட்டத்தில் நேரம் கடந்ததற்கு 11.20 அபராதம், தாண்டும் சுற்றுகளிலும் கம்பங்கள் விழுந்தன. மொத்தத்தில் 23ஆம் இடம். சிட்னியில் 2000ல் இம்தியாஸ் அனீஸ் போனதற்குப் பிறகு ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் இந்தியர் ஒருவர் நின்றது அந்த நாளில்தான்.

2023ல் ஹாங்சோவில் டிரெஸ்ஸாஜ் அணிக்குத் தங்கம் வந்தபோது எங்கள் பண்ணையில் இனிப்பு வாங்கிக் கொடுத்தோம். அனுஷ் அகர்வாலா, ஹ்ருதய் சேடா, திவ்யக்ருதி சிங், சுதீப்தி ஹஜேலா என நால்வர். குதிரையேற்றத்தில் 41 வருஷத்துக்குப் பிறகு வந்த தங்கம். அனுஷ் எட்ரோ என்ற குதிரையில் தனிநபர் வெண்கலமும் வாங்கினார். டிரெஸ்ஸாஜ் என்பது வட்டமும் நேர்கோடும் நடை மாற்றமும்தான். வாலாஜாபாத் பக்கத்து மணலில் நானும் பவானியும் செய்வதன் மிக உயர்ந்த வடிவம் அது. அனுஷ் அடுத்த வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு எட்ரோவில் அல்லாமல் சர் கேரமெல்லோ என்ற குதிரையில் போனார், 66.444 சதவீதம் வாங்கினார், அடுத்த சுற்றுக்குத் தகுதி கிடைக்கவில்லை. டிரெஸ்ஸாஜில் ஒலிம்பிக் போன முதல் இந்தியர் என்ற இடம் அவருக்கு.

இவர்களுக்குப் பின்னால் ஜெர்மனிப் பயிற்சியும் பெரிய செலவும் இருக்கின்றன. அது உண்மை, மறைப்பதற்கில்லை. இங்கே மாசச் சம்பளத்தில் குதிரை வாங்க முடியாது, வாங்கவும் வேண்டாம். பாடத்துக்குக் காசு கட்டி ஏறலாம். பண்ணையைத் தேடுகிறவர்கள் முதல் நாள் ஏறாமல் லாயத்தை மட்டும் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி சுத்தமா? குதிரையின் முதுகில் சேணம் உரசிய புண் உண்டா? குளம்பின் விளிம்பு வெடித்திருக்கிறதா? சொல்லிக்கொடுப்பவர் குதிரையைத் தடவிச் சுத்தம் செய்யவும் குளம்பு பார்க்கவும் உங்களை விடுகிறாரா, அல்லது சேணம் போட்டுத் தயாராக நிறுத்திவைத்து அரை மணி நேரத்தில் இறக்கிவிடுகிறாரா? தலைக்கவசம் இல்லாமல் ஏறச் சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

எடை பற்றி வெட்கப்படாமல் பேச வேண்டும். குதிரைகளின் மேல் வெவ்வேறு பாரம் ஏற்றி 2008ல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். குதிரையின் எடையில் இருபது சதவீதம்வரை அவை தாங்கின. இருபத்தைந்தும் முப்பதும் ஆனபோது துடிப்பு ஏறியது, தசைகள் வலியெடுத்தன. நானூற்றைம்பது கிலோக் குதிரைக்குச் சேணத்தோடு சேர்த்துத் தொண்ணூறு கிலோ. சென்னை வெயிலில் அதைவிடக் குறைவாக இருப்பதே நல்லது. கனமானவர்களும் குதிரையைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் தரையில் நின்று கயிற்றில் வேலை செய்யலாம். அதில் கற்க ஓர் ஆயுள் போதாது.

என் தொழிலில் இன்னொரு கஷ்டம் ஷிஃப்ட். நைட் ஷிஃப்ட் முடித்து வரும் காலையில் கண் எரியும், கை தாமதமாகும், விட வேண்டிய நொடியில் விடாது. அந்தக் காலைகளில் ஏறுவதில்லை என்று ஒரு விதி வைத்திருக்கிறேன். தடவுகிறேன், பிடரியைச் சிக்கெடுக்கிறேன், கொள்ளு ஊறியிருக்கிறதா என்று பார்க்கிறேன், போய்த் தூங்குகிறேன். “ஏறாம போறதும் சவாரிதாம்மா, அதையும் நோட்டுல எழுது” என்று மாஸ்டர் ஒரு நாள் சொன்னார். எழுதுகிறேன்.

வரும் மார்கழிக்கு என் தாளில் இருப்பவை இவை. வலப்பக்க வட்டத்தில் என் வலது இடுப்பெலும்பு இடதை விடக் கனமாக இருக்கக் கூடாது. அதைத் தெரிந்துகொள்ள வாரத்துக்கு ஒருமுறை அங்கவடி இல்லாமல் லஞ்ச் கயிற்றில் உட்காருவேன். வாக்கிலிருந்து டிராட்டுக்குப் போகும் இடத்தில் என் மேலுடம்பு முன்னே சாயாமல் இருக்க வேண்டும், இதை நடுவராக உட்காரும் தோழி எழுதித் தருவாள். மூன்றாவதாக, தரையில் கிடத்திய கம்பங்களை டிராட்டில் கடக்கும்போது நான் அடிகளை வாய்விட்டு எண்ண வேண்டும். தாண்டுவது இந்தப் பருவத்தில் இல்லை. பவானியின் இடது முன்காலைப் பார்த்த மருத்துவர் தைக்குப் பிறகு மறுபடி பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் நாலாவது வரியை எழுதுவேன்.